58.26 சதவீதம்: ஒரு கிலோ இறாலின் மேல் ஓர் அமெரிக்க வழக்கு

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியபோது எழுதப்பட்ட பரப்பு 1,478 ஹெக்டேர். ஓடைகளுக்குள் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். காட்டைத் தாண்டினால் குட்டைகளில் ஏரேட்டர் சுற்ற, வனமி இறால் வளர்கிறது. அந்தக் குட்டைகளின் கணக்கு நோட்டில் 2025-இல் வாஷிங்டனும் ஒரு வரியாக ஏறியது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் இந்திய இறாலுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இருந்த சுமை இரண்டு துண்டுகள். அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தடுக்கும் வரி 2.49 சதவீதம், நம் அரசு தரும் மானியத்தை ஈடுகட்டும் வரி 5.77. கூட்டினால் 8.26. ஏப்ரலில் ஏறக்குறைய எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் 10 ஏறியது: 18.26. ஆகஸ்ட் 7-இல் அந்த 10 இந்தியாவுக்கு 25 ஆனது: 33.26. ஆகஸ்ட் 27-இல் ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25: மொத்தம் 58.26. இது 2025-ஆம் ஆண்டுக் கணக்கு.

ஒரு கிலோவுக்கு இது எவ்வளவு? 2024-25-இல் இந்தியாவிலிருந்து 16,98,170 டன் கடல் உணவு ஏற்றுமதியானது. மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் 7,41,529 டன்தான், ஆனால் பணத்தில் பத்துக்கு ஏழு பங்கு அதனுடையது. அமெரிக்கா மட்டும் 3,46,868 டன் கடல் உணவை ஏறக்குறைய 271 கோடி டாலருக்கு வாங்கியது. பத்தில் ஒன்பது பங்கு இறால். வகுத்தால் கிலோ சராசரி 7.83 டாலர். அதன் மேல் 8.26 சதவீதம் என்றால் 65 சென்ட். 58.26 என்றால் 4 டாலர் 56 சென்ட்.

குட்டைப் பக்கம் ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு ஹெக்டேர், விதி அனுமதிக்கும் உச்சமான சதுர மீட்டருக்கு 60 குஞ்சு, ஆக 6 லட்சம். நூற்றுக்கு 80 பிழைத்தால் 4.8 லட்சம். 40 கவுண்டில், அதாவது கிலோவுக்கு 40 இறால் நிற்கும் அளவில், அறுவடை செய்தால் 12,000 கிலோ. கிலோவுக்கு 1.4 கிலோ தீவனம் என்று வைத்தால் 16,800 கிலோ தீவனம். கொள்முதல் விலை 50 ரூபாய் சரிந்தால் 6 லட்சம் போச்சு. தீவனமும் மின்சாரமும் குஞ்சும் ஏற்கெனவே செலவான காசு. எனவே அந்த 6 லட்சம் முழுக்க லாபத்திலிருந்தோ கடனிலிருந்தோதான் போகும்.

என் அக்கா மகன் ஹூஸ்டனில் இருக்கிறான், குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்கிறவன். தங்கை மகள் நியூ ஜெர்சியில், ஜனநாயகக் கட்சிப் பக்கம். இருவருமே கத்துகிற ரகம் இல்லை. அவர்கள் நாட்டில் 2024 அதிபர் தேர்தலில் இரு தரப்புக்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரை வாக்கு. ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிவது அதிசயமில்லை.

"லூசியானால வலை வீசறவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கு மாமா. அவன் நாடு சாப்பிடற இறால்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல இறக்குமதி. அவன் எங்க போவான்?" என்றான் அவன்.

"அந்த 4.56 டாலரை முதல்ல கட்டறது அமெரிக்கக் கம்பெனி. அப்புறம் கடைக்காரன், அப்புறம் நான். மிச்சத்தை உங்க ஊர்க்காரங்க தலையில கட்டுவாங்க மாமா," என்றாள் அவள்.

இரண்டும் உண்மை. எந்தக் கட்சி எந்த வரியைப் போட்டது என்று எழுதிப் பார்த்தேன். இடது, வலது என்ற கோடு அங்கே நிற்கவில்லை. 2005-இல், புஷ் காலத்தில், இந்திய இறாலுக்கு முதல் அடிமாட்டு விலைத் தடுப்பு வரி: பெரும்பாலோருக்கு 10.17 சதவீதம். மானிய ஈடு வரி உறுதியானது 2024 டிசம்பரில், பைடன் காலத்தில். இறக்குமதி எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் போடச் சொல்லி 2025 ஜனவரியில் மசோதா கொண்டுவந்த ஜேரட் கோல்டன் ஜனநாயகக் கட்சிக்காரர். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 2025 அக்டோபர் 30-இல் டிரம்பின் உலக வரிகளை நீக்கும் தீர்மானம் செனட்டில் 51-க்கு 47 என்று நிறைவேறியபோது, காலின்ஸ், மர்கோவ்ஸ்கி, மெக்கானல், ராண்ட் பால் என்று குடியரசுக் கட்சியார் 4 பேர் கைதூக்கினார்கள். ராண்ட் பால் வலப்பக்கத்தில் வெகுதூரம் நிற்பவர். வரி என்றாலே மக்கள் மடியிலிருந்து எடுப்பது என்பது அவர் வாதம். அதே ஆண்டு ஏப்ரலில் இதே போன்ற தீர்மானம் 49-49 என்று தோற்றிருந்தது. அக்டோபரில் ஜெயித்ததையும் பிரதிநிதிகள் சபை வாக்குக்கு எடுக்கவில்லை.

அக்கா மகனின் வாதம் ஒரு இடத்தில் இடறுகிறது. ஆகஸ்டில் ஈக்வடாருக்குப் போட்ட பொது வரி 15, இந்தோனேசியாவுக்கு 19, வியட்நாமுக்கு 20. இந்தியாவுக்கு 50. நம் இறாலை நிறுத்தினால் அந்த இடத்துக்கு முதலில் வருவது ஈக்வடார் இறால். லூசியானாப் படகு அல்ல. 5.77-க்குப் பின்னால் ஒரு விசாரணை இருந்தது, கணக்கு இருந்தது. அதை எதிர்த்து வாதாடலாம், ஆனால் மதிக்கிறேன். எண்ணெய்க்காக ஏறிய 25-க்கும் பிச்சாவரம் பக்கத்துக் குட்டைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வாங்காத எண்ணெய்க்கு விவசாயி அபராதம் கட்டுவது அநியாயம்.

இதைச் சொன்னபோது அக்கா மகன் ஒத்துக்கொண்டான். பிறகு திருப்பிக் கேட்டான்: "1996-ல நீங்க எந்தப் பக்கம் மாமா?"

அந்த ஆண்டு டிசம்பர் 11-இல், சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். நெல் வயலும் குடிநீர்க் கிணறும் உப்பானதே மூல வழக்கு. பண்ணைகளை வரையறைக்குள் கொண்டுவந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல்தான் வந்தது.

"ஜெகந்நாதன் ஐயா பக்கம்," என்றேன்.

"அப்ப வளர்ப்பு இறாலால தன் பொழப்பு கெடுதுன்னு லூசியானாக்காரன் சொன்னா ஏன் கோபம்?"

"கோபம் இல்லப்பா. 8.26 வரைக்கும் அவன்கூட உட்கார்ந்து பேசுவேன்."