இரு சக்கர வாழ்க்கை – 14: மைனஸ் 40 டிகிரி

கத்திரி வெயில். திருச்சியில் பகல் இரண்டு மணி. வேப்பமர நிழலில் நிற்கும் என் வண்டியின் டேங்க் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை திரையில் தெரிகிறது: மைனஸ் 40 டிகிரி.

போன வாரம் கார்புரேட்டர் காலத்தைப் பற்றி எழுதினேன். அப்போதெல்லாம் காதும் மூக்கும் போதும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ்.6 வந்தபோது, அதன் கூடவே வண்டி தன் கோளாறைத் தானே கவனித்துக் குறித்துவைக்கும் ஏற்பாடும் கட்டாயமானது. மீட்டரில் மஞ்சளாக எரியும் எஞ்சின் விளக்கு அதன் முகம். ஏதோ கோளாறு என்று மட்டும்தான் விளக்கு சொல்லும். என்ன கோளாறு என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வின் நினைவில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் அடாப்டர்.

என் வண்டியில் சீட்டுக்கு அடியில் ரப்பர் மூடி போட்ட ஆறு பின் கப்ளர் இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஈ.எல்.எம்.327 அடாப்டரோ கார்களுக்கான பதினாறு பின் கொண்டது. இரண்டையும் சேர்க்க ஓர் இணைப்பு வயர் வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி கப்ளர் மாறுவதால், உங்கள் மாடலுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். ஐபோன்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் அதில் சேராது, வைஃபை அல்லது புதிய பி.எல்.இ. வகை வேண்டும்.

சாவியைத் திருகி, போனில் ஆப்பைத் திறந்ததும் வந்த கோளாறுக் குறியீடு, அதாவது கோடு, பி0113. முதல் எழுத்து எஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கிறது. அடுத்த பூஜ்யம், இது எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு என்கிறது. உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் நிற்கிறது என்பது மொத்தப் பொருள். நன்றாகக் கவனியுங்கள்: சர்க்யூட் என்றுதான் சொல்கிறது, சென்சார் என்று சொல்லவில்லை.

இதே கோடை இதற்கு முன் ஓர் ஒர்க்ஷாப்பில் பார்த்தார்கள். அழித்துக் கொடுத்தார்கள், இரண்டே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. திரும்பப் போனபோது, "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. கோடைப் படித்தவுடன் உதிரிபாகத்துக்கு பில் போடுவது வைத்தியம் ஆகாது.

அந்த மைனஸ் 40 எங்கிருந்து வந்தது? ஆப் அனுப்பும் கேள்வி 010எஃப். என் வண்டி அனுப்பிய பதில் 41 0எஃப் 00. கடைசி இரண்டு இலக்கம்தான் விடை. பதினாறு அடிமானத்தில் வரும் அந்த எண்ணைச் சாதாரண எண்ணாக மாற்றி, 40-ஐக் கழித்தால் டிகிரி. பூஜ்யத்தில் 40 போனால் மைனஸ் 40. இந்த சென்சாரில் சூடு குறையக் குறைய மின்தடை ஏறும். எங்காவது தொடர்பு அறுந்தால் தடை எல்லையில்லாமல் போய்விடும், இ.சி.யு. அதைக் கடுங்குளிராகப் படிக்கும். ஆக, எங்கோ அறுந்திருக்கிறது. சென்சாருக்கு உள்ளேயா, வயரிலா?

தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்த சென்சாரின் கப்ளரைப் பிடுங்கி, வயர் பக்கம் உள்ள இரண்டு பின்னையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தார். "இப்ப போனைப் பாருங்க. வயர் நல்லா இருந்தா நெருப்பு மாதிரி ஏறணும்."

ஏறவில்லை. மைனஸ் 40 அப்படியே நின்றது.

"சென்சார் மேல தப்பில்ல. வயர்லதான்" என்றார். (இரண்டு வயர் வரும் வெப்ப சென்சாரில் மட்டும்தான் இப்படி இணைத்துப் பார்க்கலாம். மூன்று வயர் உள்ள சென்சாரில் கை வைக்காதீர்கள், இ.சி.யு.வின் 5 வோல்ட் சப்ளையே ஷார்ட் ஆகிவிடும்.)

டேங்கைத் தூக்கினோம். வயரிங் வளைந்து போகும் இடத்தில் டேப்பைக் கிழித்து எலி கடித்திருந்தது. ஒரு வயர் முழுக்க அறுந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அண்ணன் பச்சையை வெட்டி எறிந்துவிட்டு, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். கப்ளரை மாட்டிச் சாவியைத் திருகினேன். 41 0எஃப் 51. பதினாறு அடிமான 51 என்பது 81. நாற்பது போனால் 41 டிகிரி. நெற்றியில் வழிந்த வியர்வையும் அதையேதான் சொன்னது.

கோடை அழிப்பதற்கு முன், அது பதிவான நேரத்தில் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்ற குறிப்பையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கோளாறு திரும்பி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்றும் இருக்காது. ஒர்க்ஷாப்பில் அவசரமாக அழிக்கப் போனால் தயங்காமல் தடுத்து, முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு விளக்கு எரியவில்லை. மாற்றச் சொன்ன அதே சென்சார்தான் இன்றும் வண்டியில் இருக்கிறது.

(தொடரும்)