தோல் உருகும் வேகம்

புதுக்கோட்டை நாட்டு அரிமளம் போன்ற ஊர்களின் வறண்ட செம்மண் தரையில் ஆவாரை பூத்து நிற்பதைக் காண்போர் அதனை வைத்தியத்திற்குரிய செடியென்றே எண்ணுவர். அதன் பட்டையோ தமிழ்நாட்டுத் தோல் பதனிடுவோர்க்கு நெடுங்காலம் முதற்பொருளாய் இருந்தது. பட்டை ஊறிய நீரில் கிடந்து பதப்பட்ட ஆட்டுத்தோல் வெந்நீரை ஓரளவு தாங்கும். பச்சைத்தோல் அவ்வாறு தாங்காது. இதற்குக் காரணம் யாதென ஆராயப் புகுவோமாயின், பாலிமர்ப் படிகங்கள் எவ்வாறு உருகுகின்றன என்னும் கேள்வியில் சென்று நிற்போம்.

பாலிமர் என்பது சிறு கூறுகள் பல வரிசையாய்க் கோக்கப்பெற்ற நெடுஞ்சங்கிலி மூலக்கூறு. தோலின் முதன்மைப் பொருளாகிய கொலாஜன் அத்தகையது. ஆயிரத்துக்குச் சற்று மிகுந்த அமினோ அமிலங்களாலான சங்கிலிகள் மூன்று, புரிகயிறுபோல் முறுக்கிக்கொண்டு ஒரு மூலக்கூறாகின்றன. இப்புரியமைப்பை 1954-இல் உலகிற்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அம்மூலக்கூறுகள் பக்கம் பக்கமாய் ஒழுங்குற அடுக்கப்பட்டு, படிகத்தை ஒத்த நார்களாகின்றன.

பச்சைத்தோல் நறுக்கொன்றை நீரில் தொங்கவிட்டு, நிமிஷத்திற்கு 2 டிகிரி வீதம் சூடேற்றுவோமாக. 60 டிகிரியைக் கடந்து சிறிது ஏறியதும் அது திடீரெனச் சுருங்கிவிடும். ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் 75 முதல் 85 டிகிரி வரை பொறுக்கும். குரோமியத்தால் நன்கு பதனிட்டதோ கொதிநீரிலும் சுருங்குவதில்லை. இச்சுருக்கம் உண்மையில் உருகுதலே என்பதை ஃபுளோரி, காரெட் என்னும் இருவர் 1958-இல் விளக்கினர். முறுக்கவிழ்ந்த சங்கிலிகள் நீட்டத்தை இழந்து சுருண்டுகொள்கின்றன. இரவெல்லாம் அடுப்பிலிருந்த ஆட்டுக்கால் சாறு விடியலில் ஆறிக் கட்டியாவதைப் பார்த்திருக்கிறோமல்லவா? உருகிய கொலாஜனின் மறுபெயரே ஜெலட்டின்.

ஆனால் பனிக்கட்டி 0 டிகிரியில் உருகுவதுபோல் தோலுக்கு இன்ன டிகிரி என்று அறுதியிட்டுக் கூறல் இயலுமோ? இயலாது. பனிக்கட்டியின் மேற்பரப்பிலிருந்து சிறு மூலக்கூறுகள் ஒவ்வொன்றாய்க் கழன்று போகின்றன. நெடுஞ்சங்கிலி அங்ஙனமன்று, ஒருமுனை விடுபட்டாலும் மறுமுனை படிகத்தில் பிணிக்கப்பட்டே கிடக்கும். முழுதும் விடுபடக் காலம் வேண்டும். ஆதலின் விரைந்து சூடேற்றினால், சங்கிலி அவிழ்ந்து முடியுமுன் வெப்பமானி மேலேறிவிடுகிறது. உருகுநிலை உயர்ந்ததுபோல் தோன்றுகிறது. வீயர் என்னும் ஆராய்ச்சியாளர் 1949-இல் வேறு வழியை மேற்கொண்டார். உஷ்ணத்தை ஒரேநிலையில் நிறுத்தி, தசைநாண் சுருங்குவதற்காகும் நேரத்தைக் கணித்தார். அவருடைய முடிவுகளின்படி ஒரு டிகிரி ஏறினாலே வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஐந்து டிகிரி ஏறினால் இருபது மடங்குக்கு மேலாகும்!

பாலிதீனில் மற்றொரு சிக்கலும் உண்டு. அதன் படிகங்கள் மீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே கனமுள்ள மெல்லிய தகடுகள். சங்கிலிகள் அவற்றுள் மடிந்து மடிந்து கிடக்கின்றன என்பதை 1957-இல் பிரிஸ்டலில் ஆண்ட்ரூ கெல்லர் எடுத்துக்காட்டினார். தகடு மெல்லியதாயின் குறைந்த சூட்டிலேயே உருகும். ஆயினும் மெதுவாகச் சூடேற்றும்போது அது தன்னைச் சீர்செய்துகொண்டு தடித்துவிடக்கூடும். பிறகு நாம் அளப்பது பழைய படிகத்தை அன்று! விரைந்து ஏற்றினாலோ முன்சொன்ன தாமதம் வந்து குறுக்கிடுகிறது. கருவியின் சூடு பொருளுக்குட் புகுவதிலும் சிறிது தாமதம் நேர்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய, மிகச் சிறிய துணுக்குகளை விநாடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வீதம் சூடாக்கவல்ல நுண்கலோரிமானிகளை இன்று பயன்படுத்துகின்றனர். பல வேகங்களில் அளந்து, உருகும் சூடு வேகத்தோடு எவ்வாறு மாறுகிறதென்று வரைபடம் இட்டு, வேகமே இல்லாத நிலைக்கு அக்கோட்டை நீட்டிப் பார்ப்பது அவர்கள் கையாளும் முறை. வெறும் வெப்பமானியை நம்பி ஏமாறாதிருக்க இதைவிடச் சிறந்த உபாயம் நாமறியோம்.

எதிர்முனையில், மிகமிக மெதுவாகச் சூடேற்றியவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மனித நுரையீரற் கொலாஜனைக் கரைசலில் தனி மூலக்கூறுகளாக வைத்து ஆராய்ந்த லெய்க்கினா முதலானோர், நம் உடற்சூடாகிய 37 டிகிரியிலேயே அது மெல்ல முறுக்கவிழ்ந்து விடுகிறதென்று 2002-இல் வெளியிட்டனர். முன்னர் விரைந்து அளந்தவர்களுக்கு இது புலப்படவில்லை. அங்ஙனமாயின் நம் உடல் எவ்வாறு நிலைத்திருக்கிறது? தனித்த புரி அவிழ்ந்தாலும், நாரினுள் அடுக்கப்பட்ட புரியை அண்டையிலுள்ள புரிகள் நெருக்கிப் பிடித்திருத்தலால் அது அவிழ்வதற்கு இடமில்லை. ஆகவேதான் பச்சைத்தோல் 60 டிகிரி வரை தாங்குகிறது. ஆவாரம்பட்டையின் சாரம் அந்த நார்களுக்கிடையே புகுந்து, அப்பிடியை மேலும் இறுக்குகிறது.