மாட வீதியே இசையரங்கம்

மேலைநாட்டுச் சிம்பொனி இசைக்குழு, எதிரொலியைக் கணக்கிட்டுக் கட்டிய மூடிய அரங்கில் அமர்ந்து வாசிப்பது. மும்பையில் 2006-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய சிம்பொனி இசைக்குழுவும் அம்மரபினதே. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் ஒலிக்கும் பெரிய மேளமோ, நாகசுரம், தவில், தாளம், ஆதார சுருதியை இடைவிடாது தரும் ஒத்து ஆகியவை சேர்ந்த, நடந்துகொண்டே வாசிக்கும் குழுவாகும். விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் காலத்து ஆயிரங்கால் மண்டபம் அங்கே இருப்பினும், மேளத்தின் உண்மையான அரங்கு நான்கு மாட வீதிகளே.

ஆச்சா மரத்தில் கடைந்த குழலும், நாணலில் செய்த சீவாளி என்னும் ஊதுவாயும் கொண்ட நாகசுரம், ஒலிபெருக்கியின்றியே வெட்டவெளியில் நெடுந்தொலைவு கேட்கும். பலாமரத்தில் குடைந்த தவிலோ, ஒருபுறம் கூடு அணிந்த விரல்களாலும் மறுபுறம் கழியாலும் முழக்கப்படுவதால், திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலிலும் தாளம் பிசகாது கேட்கிறது.

இவ்விசையின் சிகரம் மல்லாரி. சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், ஏதுமின்றி, பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில், சுவரங்களாலும் தாளக் கணக்காலும் மட்டுமே கட்டப்பட்ட இவ்வுருப்படி, உற்சவமூர்த்தி புறப்படும்போது முதலில் ஒலிப்பதாகும். ஒரே அமைப்பை வெவ்வேறு காலங்களில், அதாவது வேகங்களில், வாசித்துக் காட்டுவது கலைஞரின் புலமைக்கு உரைகல். தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் கொண்டுவரும்போது வாசிக்கும் தளிகை மல்லாரி என வகைகள் இருப்பதால், மரபறிந்த செவிக்கு, வீட்டிலிருந்தபடியே கோயிலில் நடப்பது இன்னதென விளங்கிவிடும். இரவில் பள்ளியறைக்குரிய நீலாம்பரியும் விடியலுக்குரிய பூபாளமும் இவ்வாறே நேரம் உணர்த்துபவை. கச்சேரி மேடையில் இராகத்தைத் தேர்ந்தெடுப்பவர் கலைஞர். இங்கோ வழிபாட்டின் வேளையே அதைத் தீர்மானிக்கிறது.

கார்த்திகைத் தீபப் பெருவிழாவில் காலையில் விநாயகரும் சந்திரசேகரரும், இரவில் பஞ்சமூர்த்திகளும் வீதியுலா வருகையில், வாசிப்பு மணிக்கணக்கில் நீளும். அமர்ந்து வாசிப்போர் அறியாத உழைப்பு அது. ஆயினும், இன்று தமிழகக் கோயில்கள் பலவற்றில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் பூசை வேளையில் ஒலிக்கின்றன. அவை ஓசை எழுப்புமேயன்றி, வேளைக்குரிய இராகத்தை அறியா. அதை அறிந்த கலைஞர்களை உருவாக்க, திருவண்ணாமலையிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன.