மலையிலிருந்து வந்த சிநேகிதி

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்துக்கு எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். எங்கள் தென்காசி வீடுகளில் விருந்தாளிக்குப் பஞ்சமிராது. அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்கள், அந்த மலைத்தொடரில் காலங்காலமாக வாழும் மனிதர்களைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை.

தேனி, திண்டுக்கல், விருதுநகர், தென்காசி மாவட்ட மலைகளில் பளியர் என்ற பழங்குடியினர் வசிக்கிறார்கள். வாசுதேவநல்லூர்ப் பக்கம் தலையணையிலும் அவர்கள் குடியிருப்பு உண்டு. தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் அவர்களுக்குப் பரம்பரையாக வந்தவை. அவர்களில் ஒருத்தி என் சிநேகிதி. தேன் விற்க வந்து, பதினைந்து வருஷமாகப் பழக்கம்.

பழகிய புதிதில் ஒரு நாள், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்கார அம்மாள் அவளுக்குத் தனி டம்ளரில் காப்பி கொடுத்து, “குடிச்சிட்டுக் கழுவிக் கவுத்திட்டுப் போ” என்றார். அவள் ஒன்றும் பேசவில்லை. டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்று மாதம் வரவேயில்லை. “எவ்வளவு திமிரு பாத்தியா?” என்றார் அந்த அம்மாள்.

அது திமிர் இல்லை. பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1962 முதல் 1964 வரை பளியரோடு தங்கி ஆராய்ந்தவர். ஒருவரையொருவர் அவமதிக்கக் கூடாது என்பதே அவர்கள் வாழ்க்கை முறை. மனஸ்தாபம் வந்தால் சண்டை போடாமல் விலகிப் போய்விடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். கணவன் மனைவிக்குள்ளும் ஒருவர் மற்றவரை அதிகாரம் செய்வதில்லையாம். நம்மில் எத்தனை பேருக்கு இது வாய்த்திருக்கிறது, சகோதரிகளே?

நானும் என் கணவரும் அவளைத் தேடிப் போனோம். பாய் விரித்து, அவித்த கிழங்கு கொடுத்தாள். “கோவமெல்லாம் இல்லக்கா. அங்க இருக்கப் பிடிக்கல, எந்திரிச்சு வந்துட்டேன்” என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான். உறவுக்கார அம்மாள் வருவதைக் குறைத்துக்கொண்டார். பரவாயில்லை!

அவள் மகள் பத்தாம் வகுப்பு பாஸ் செய்ததும் சாதிச் சான்றிதழுக்கு அலைச்சல். பளியர் பழங்குடியினர் பட்டியலில் இருந்தும், “நீங்க பளியர்தான்னு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த நான் மனு எழுதிக் கொடுத்துக் கூடவே போனேன். ஆபீஸில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அவளை நிற்க வைத்தார்கள். நானும் நின்றேன். ஆறு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. பெண் இப்போது நர்ஸிங் படிக்கிறாள்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், பெரிய வீட்டுப் பெண் வசந்தவல்லியின் எதிரில் மலைக்குறத்தி தலைநிமிர்ந்து தன் மலையின் பெருமையைச் சொல்கிறாள். குறத்தி வேறு, பளியர் வேறுதான். ஆனாலும் மலைப்பெண்ணை நாட்டிய மேடையில் கொண்டாடும் நாம், வாசலுக்கு வருகிறவளைத் திண்ணையோடு நிறுத்திவிடுகிறோமே!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். வீட்டுக்குப் பொருள் கொண்டுவருகிறவரை நாம் “வாங்க” என்றால் அவர்களும் “வாங்க” என்பார்கள். என் பிள்ளைகள் அவளைச் சித்தி என்கிறார்கள்; அவள் மகள் என்னைப் பெரியம்மா என்கிறாள். உட்கார இடம், நாம் குடிக்கும் அதே டம்ளர், பேரம் பேசாமல் நியாயமான விலை. சிநேகம் தொடங்க இவ்வளவு போதும்.