பகிர்ந்துகொள்ளும் பண்பைக் கார்ட்டூன் கற்றுத்தருமா?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் கணிசமாக வாழும் ஊர்களில் ஒன்று பிளெய்ன்ஸ்பரோ. தாத்தா பாட்டியர் பலர் கடல் கடந்து இருக்கும் இத்தகைய ஊர்களில், குழந்தைக்குத் தமிழில் கதை சொல்லும் பொறுப்பின் ஒரு பகுதி யூடியூப் கார்ட்டூன்களிடம் சென்றுவிட்டது. சென்னையில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுச்சு டிவி போன்ற நிறுவனங்கள் தமிழிலும் இவற்றை வெளியிடுகின்றன.

இருப்பதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இக்கதைகளில் அடிக்கடி வரும் நீதி. ஆனால், நீதியை அறிந்த குழந்தை அதன்படி நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகள்கூடச் சரிபாதி கொடுப்பதே முறை என்றனர். ஆனால் கையில் ஸ்டிக்கர்களைக் கொடுத்தபோது பெரும்பகுதியைத் தமக்கே வைத்துக்கொண்டனர். ஏழு, எட்டு வயதில்தான் சொல்லும் செயலும் ஒன்றுபட்டன.

இந்த இடைவெளியைக் கதைகள் குறைக்குமா? கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பகிர்வு பற்றிய ஒரே படக்கதையை நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் இருவிதமாக வாசித்தனர். மனிதர்கள் பாத்திரங்களாக வந்த கதையைக் கேட்டவர்கள், முன்பைவிட அதிக ஸ்டிக்கர்களைப் பிறருக்குக் கொடுத்தனர். விலங்குகள் வந்த கதையைக் கேட்டவர்களிடம் அந்த மாற்றம் ஏற்படவில்லை. 2017இல் வெளியான இம்முடிவு, விலங்குகளே நாயகர்களாக உலவும் கார்ட்டூன்களுக்கும் பொருந்தக்கூடும். கதையில் வரும் விலங்கைத் தன்னைப் போன்றதாகக் குழந்தை உணராவிட்டால், நீதி திரையோடு நின்றுவிடுகிறது.

எனினும், விலங்குக் கதைகளை ஒதுக்கத் தேவையில்லை என்பதை டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்துகிறது. புலிக்குட்டி ஒன்றை நாயகனாகக் கொண்ட 'டேனியல் டைகர்ஸ் நெய்பர்ஹுட்' தொடரை, இரண்டு முதல் ஆறு வயது வரையிலான 127 குழந்தைகளைக் கொண்டு இது ஆராய்ந்தது. தொடரைப் பார்த்தவர்களில், தொலைக்காட்சியில் காண்பதைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாக உரையாடும் வீட்டுக் குழந்தைகளிடமே பிறர் துன்பத்தை உணரும் தன்மை மேம்பட்டிருந்தது.

காகம் தன் இனத்தைக் கூவி அழைத்து உண்பதைப் பகிர்வுக்கு உதாரணமாகக் காட்டுவது தமிழ் மரபு. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொன்னதோடு நிற்கவில்லை. காகத்துக்குக் குழந்தையின் கையாலேயே சோறு வைக்கவும் செய்தார்கள். திரையால் அதைச் செய்ய இயலாது. கார்ட்டூன் முடிந்ததும், "தம்பி இந்தப் பொம்மையைக் கேட்டால் நீ என்ன செய்வாய்?" என்று பெற்றோர் தமிழில் கேட்கும் ஒரு கேள்வி, பண்போடு மொழியையும் சேர்த்தே வளர்க்கும்.