9 நாள்ல இந்தோனேசியா: முதல்ல எதை விடப் போறீங்க?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்வியைப் பத்தித்தான். ஆபீஸ்ல 5 நாள் லீவு கிடைச்சிருக்கு. முன்னாடி ஒரு வீக்கெண்ட், பின்னாடி ஒரு வீக்கெண்ட் சேர்த்தா மொத்தம் 9 நாள். கையில ஒரு பேக்பேக். இதை வெச்சுக்கிட்டு இந்தோனேசியா மாதிரி ஒரு பெரிய நாட்டை எவ்வளவு பார்க்க முடியும்?

நம்மில் பலருக்கு வருஷத்துக்கு இந்த மாதிரி ஒரு லீவுதான் அமையும். அதைக் கெஞ்சி வாங்கி, காசு சேர்த்து, நாலு பேரோட தேதியை ஒத்துப்போக வெச்சுக் கிளம்புறோம். அந்த 9 நாள்ல பாதியை பஸ்லயும் ஏர்போர்ட் நாற்காலியிலயும் கழிச்சிட்டு, திங்கட்கிழமை காலையில போனதைவிடக் களைச்சுப்போய் ஆபீஸ் வந்து உட்கார்ந்தா அது நஷ்டம்தானே? அதனால இன்னைக்குப் பிளானை உட்கார்ந்து கணக்காவே போட்டுப் பார்ப்போம்.

நாடு எவ்வளவு பெருசு?

இந்தோனேசியாவில் 17,000-க்கும் மேல தீவுகள் இருக்கு. மேற்குக் கடைசியில இருக்கிற சபாங்கிலிருந்து கிழக்குக் கடைசியில இருக்கிற மெராவுக்கே வரைக்கும் சுமார் 5,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் பறக்கிற தூரத்தைப் போல ஏறக்குறைய மூணு மடங்கு. ஒரே நாட்டுக்குள்ள மூணு நேர மண்டலம்.

இதைத் தெரிஞ்சுக்காம மேப்பைப் பார்த்தா எல்லாமே பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மாதிரி தெரியும். அதனால நண்பர்கள் குரூப்ல முதல்ல வர்ற லிஸ்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஜகார்த்தா, யோக்யகர்த்தா, புரோமோ எரிமலை, ஈஜென் எரிமலை, பாலி, கிலி தீவுகள், கொமோடோ டிராகன். ஏழு இடம், 9 நாள். கேட்கிறப்போ ஒரு இடத்துக்கு ஒரு நாளுக்கு மேலயே இருக்கிற மாதிரி தோணும். அப்படி இருக்காது.

அரைநாள் கணக்கு

நான் நாளைக் கணக்கு பண்றதில்லை, அரைநாளை எண்ணுவேன். 9 நாள்னா 18 அரைநாள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறும்போது, ரூமைக் காலி பண்ணி, ஸ்டேஷன் போய், காத்திருந்து, பயணம் பண்ணி, புது ரூமைக் கண்டுபிடிச்சு, குளிச்சு வெளிய வர்றதுக்குக் குறைஞ்சது ஒரு அரைநாள் போயிடும். நடுவுல கடலோ மலையோ வந்தா ரெண்டு அரைநாள்.

ஏழு இடம்னா நடுவுல ஆறு மாற்றம். ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணரை அரைநாள்னு வெச்சாலும் ஒன்பது போச்சு. இந்தியாவிலிருந்து போறதுக்கும் திரும்ப வர்றதுக்கும் மூணு. மீதி ஆறு அரைநாள், அதாவது மூணே நாள். ஏழு இடத்தைப் பார்க்க மூணு நாள்!

அதனால முதல் வேலை, லிஸ்ட்டிலிருந்து அடிக்கிறது.

எதை அடிச்சேன், ஏன்?

முதல்ல ஜகார்த்தா. அது மோசமான ஊர்னு சொல்ல வரல. ஆனா கோலாலம்பூர்ல விமானம் மாறி நேரா யோக்யகர்த்தாவுக்கே போய் இறங்க முடியும். அப்புறம் எதுக்கு ஜகார்த்தா போய், அங்கிருந்து 6, 7 மணி நேரம் ரயில்ல வரணும்?

ரெண்டாவது கொமோடோ. அது ஃப்ளோரெஸ் தீவு பக்கம். பாலியிலிருந்து தனி விமானம், அங்கிருந்து படகு. அதுக்கே மூணு நாள் வேணும். அது வேற ஒரு பயணம்.

மூணாவது கிலி தீவுகள். பாலியிலிருந்து வேகப் படகுல போகலாம், உண்மைதான். ஆனா கடல் கொந்தளிச்சா படகு நிக்கும். திரும்பி வர்ற விமானத்துக்கு முந்தின நாள் அந்த ரிஸ்க்கை எடுக்க வேணாம்.

நாலாவதுதான் கஷ்டமான முடிவு: ஈஜென். அமில ஏரி, ராத்திரியில தெரியிற நீலச் சுவாலை, கந்தகக் கட்டிகளைத் தோள்ல சுமந்து வர்ற தொழிலாளர்கள். எல்லாமே உண்மை, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனா புரோமோவுக்கு ராத்திரி 3 மணிக்கு எழுந்திருக்கணும். ஈஜென்ல நீலச் சுவாலையைப் பார்க்க நள்ளிரவுக்கே கிளம்பணும். பல டூர் பேக்கேஜ்ல ரெண்டையும் அடுத்தடுத்த ராத்திரியில வெச்சிருப்பாங்க. விளம்பரத்துல எவ்வளவு தூங்குவீங்கன்னு போட மாட்டாங்க. ரெண்டு ராத்திரி சரியாத் தூங்காம, மூணாவது நாள் கப்பல் ஏறிப் பாலி போனா, அங்க போய் முதல் வேலை படுத்துத் தூங்குறதுதான். ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. நான் புரோமோவை வெச்சுக்கிட்டேன்.

இன்னொரு ஆசையும் நமக்கு வரும். சுமத்ராவுல மேடான் நகரத்துல தமிழர்கள் பல தலைமுறையா வாழ்றாங்க, அங்க மாரியம்மன் கோவிலும் இருக்கு. ராஜேந்திர சோழன் 1025-ல படையெடுத்த ஸ்ரீவிஜயமும் அந்தத் தீவுதான். 'இவ்வளவு தூரம் போயிட்டு அதைப் பார்க்காம வர்றதா'ன்னு மனசு கேட்கும். ஆனா மேடானிலிருந்து யோக்யகர்த்தா 1,500 கிலோமீட்டருக்கு மேல. சுமத்ராவுக்குன்னே தனியா ஒரு லீவு போடுங்க.

மிச்சம் இருக்கிறது ஒரே கோடு

இப்போ கையில இருக்கிறது யோக்யகர்த்தா, புரோமோ, பாலி. மேப்புல பார்த்தா மேற்கிலிருந்து கிழக்கே ஒரே கோடு. போன வழியில திரும்பி வர வேண்டியதே இல்லை. யோக்யகர்த்தாவில் இறங்கி, பாலியிலிருந்து விமானம் ஏறணும். இந்த மாதிரி டிக்கெட் சில சமயம் கொஞ்சம் கூடத் தெரியும். ஆனா திரும்பி வர்ற ஒரு நாளும், அந்த நாளோட ரயில் காசும் மிச்சம். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

சனி: வெள்ளி ராத்திரி கிளம்பினா சனி மதியத்துக்குள்ள யோக்யகர்த்தா. புது ஏர்போர்ட் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. ஏர்போர்ட்டிலிருந்தே ரயில் இருக்கு, முக்கால் மணி நேரத்துக்குள்ள ஊருக்குள்ள விட்டுடும். சாயங்காலம் நடந்து, சாப்பிட்டு, தூங்குங்க.

ஞாயிறு: போரோபுதூர். 9-ஆம் நூற்றாண்டு பௌத்த நினைவுச்சின்னம். 504 புத்தர் சிலைகள், 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மேல ஏறிப் பார்க்க நேரம் குறிச்ச டிக்கெட்தான், ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு வரம்பும் உண்டு. அதனால முன்கூட்டியே எடுத்துடுங்க.

திங்கள்: பிரம்பனான். 9-ஆம் நூற்றாண்டு சிவன் கோவில், நடு விமானம் 47 மீட்டர் உயரம். லோக்கல் ரயில்லயே போகலாம். உள்சுவர்ல ராமாயணம் செதுக்கியிருக்காங்க. நம்ம ஊர் கோவில்ல பிரதட்சணம் வர்ற மாதிரியே சுத்தி வந்தா கதை வரிசையா வரும்.

செவ்வாய்: முழு நாளும் ரயில். யோக்யகர்த்தாவிலிருந்து புரோபோலிங்கோ 8, 9 மணி நேரம். இதை வீணான நாள்னு நினைக்காதீங்க. ஜன்னல் ஓரத்துல நெல் வயலும் எரிமலையும் மாறி மாறி வரும். ஸ்டேஷனிலிருந்து செமோரோ லவாங் மலைக் கிராமத்துக்குப் போற ஷேர் வேன், ஆள் நிறைஞ்சாதான் கிளம்பும். லேட்டா இறங்கினா தனி வண்டிதான். அதனால காலையில முதல் ரயிலைப் பிடிங்க.

புதன்: விடியற்காலை புரோமோ. ஜூலை, ஆகஸ்ட்ல அங்க நல்லாவே குளிரும், ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும். சூரிய உதயம், மணல்வெளி, படி ஏறி எரிமலை விளிம்பு. மதியம் கீழ இறங்கி, ரயில்ல ஜாவாவின் கிழக்கு முனையான பன்யுவாங்கிக்கு. அன்னைக்கு ராத்திரி முழுசாத் தூக்கம்.

வியாழன்: கெத்தாபாங் துறைமுகத்திலிருந்து ஃபெரி. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல பாலி. இங்கதான் பலர் ஏமாறுவாங்க: கரை இறங்கினதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி போயிடும், பாலி அடுத்த நேர மண்டலம். கிலிமானுக் துறைமுகத்திலிருந்து டென்பசார் சுமார் 130 கிலோமீட்டர்தான். ஆனா லாரி நிறைஞ்ச குறுகலான ரோடு, நாலு மணி நேரம் ஆகும். அங்கிருந்து உபுத் இன்னும் ஒரு மணி நேரம். காலையில கிளம்பினா இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரலாம்.

வெள்ளி: உபுத். வயல்வெளி நடை, கோவில்கள், சாயங்காலம் நடனம்.

சனி: ஒண்ணும் இல்லை. ஆமா, காலியா விடுங்க.

ஞாயிறு: ஏர்போர்ட், வீடு.

எண்ணிப் பாருங்க. 18-ல பயணத்துக்கு எட்டு போச்சு, பத்து மிச்சம். ஏழு இடத்துப் பிளான்ல ஆறுதான் மிஞ்சுச்சு, அதையும் ஏழாப் பிரிக்கணும்.

அந்தக் காலி நாள் எதுக்கு?

இந்தோனேசியா எரிமலை நாடு. 2024 நவம்பர்ல ஃப்ளோரெஸ் தீவுல லெவோதோபி எரிமலை வெடிச்சப்போ, அதோட சாம்பலால பாலியில நிறைய விமானம் ரத்தாச்சு. புரோமோவும் உயிருள்ள எரிமலைதான், சில சமயம் கிட்டப் போக விட மாட்டாங்க. ரயில் தவறலாம், வயிறு கெடலாம். இதுல எது நடந்தாலும் அந்தக் காலி நாள் தாங்கிக்கும். ஒண்ணும் நடக்கலைன்னா? பாலியில ஒரு நாள் சும்மா இருக்கக் கிடைக்குது, அதைவிட என்ன வேணும்? குரூப்ல யாராவது 'அந்த சனிக்கிழமை சும்மாதானே இருக்கு'ன்னு ஆரம்பிப்பாங்க. விட்டுக்கொடுக்காதீங்க.

தேதி போடுறதுக்கு முன்னாடி

மே முதல் செப்டம்பர் வரை ஜாவா, பாலி பக்கம் மழை குறைவு. நவம்பர்லிருந்து மார்ச் வரை மழைக்காலம். ரம்ஜான் பண்டிகை சமயத்துல ஜாவாவே சொந்த ஊருக்குக் கிளம்பும், ரயில்ல இடம் கிடைக்காது. பெரும்பாலும் மார்ச்ல வர்ற நியேப்பி அன்னைக்கு பாலி முழுக்க மௌனம். 24 மணி நேரம் ஏர்போர்ட்டே மூடியிருக்கும், ஃபெரியும் ஓடாது, ஹோட்டலை விட்டு வெளிய வர முடியாது. இந்தத் தேதிகளைப் பார்த்துட்டு லீவு போடுங்க.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா ஆன் அரைவல் உண்டு: 30 நாள், 5 லட்சம் ரூபியா. எண்ணைக் கேட்டுப் பயப்படாதீங்க, ஒரு லட்சம் ரூபியாங்கிறது நம்ம காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலதான். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லணும், திரும்பி வர்ற டிக்கெட்டும் கையில இருக்கணும். பாலிக்குத் தனியா 1,50,000 ரூபியா சுற்றுலாக் கட்டணம், 2024 பிப்ரவரியிலிருந்து வாங்குறாங்க.

பேக்பேக் 7 கிலோவுக்குள்ள இருக்கட்டும். பட்ஜெட் விமானங்கள்ல கைப்பைக்கு அதுதான் வழக்கமான வரம்பு. யோக்யகர்த்தாவுலயும் உபுத்துலயும் கிலோ கணக்குல துவைச்சுத் தர்ற லாண்டரி தெருவுக்குத் தெரு இருக்கு, நாலு செட் துணி போதும். சைவம்னா டெம்பே, டோஃபு, வேர்க்கடலை சாஸ் ஊத்தின காடோ காடோ இருக்கு. ஆனா சம்பல்ல இறால் விழுது இருக்கும், கேட்டுட்டு சாப்பிடுங்க. பாலியில ஸ்கூட்டர் எடுக்கிறவங்க, அங்க செல்லுபடியாகிற பைக் லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா, டிராவல் இன்சூரன்ஸ் கைவிரிச்சுடலாம். அதையும் யோசிச்சுக்குங்க.

வேற நாட்டுக்கும் இதே கணக்குதான்

வியட்நாமோ, துருக்கியோ, நம்ம ராஜஸ்தானோ, எங்க போனாலும் மூணு விஷயம். மொத்த அரைநாளை எண்ணுங்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கழிங்க. மிச்ச இடங்கள் ஒரே கோட்டுல வருதான்னு பாருங்க. கடைசியில ஒரு நாளைக் காலியா விடுங்க.

அடிச்ச இடங்களைத் தூக்கிப் போடாதீங்க. தனியா ஒரு பக்கத்துல எழுதி வையுங்க. ஈஜென், கொமோடோ, மேடான், எல்லாம் அங்க இருக்கட்டும். அடுத்த வருஷ லீவுக்கு லிஸ்ட் ரெடி.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. நீங்க ஏற்கெனவே போட்டு வெச்சிருக்கிற பிளானை எடுத்து, அரைநாள் கணக்குல எழுதிப் பாருங்க. எத்தனை மிஞ்சுதுன்னு எண்ணிட்டு, அப்புறம் டிக்கெட் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.