காற்றில் போட்ட பூட்டுகள்

கம்பியில் ஓடும் தரவைத் திருட அந்தக் கம்பியை நெருங்க வேண்டும். வைஃபையில் அந்தச் சிரமமே இல்லை. ரவுட்டர் அனுப்பும் ரேடியோ அலை சுவரைத் தாண்டித் தெரு வரை போகிறது. அலையைத் தடுக்க முடியாதென்பதால், அது சுமக்கும் செய்தியைக் குறியாக்கம் செய்கிறார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தென்படும் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ஆகியவை அந்தக் குறியாக்க முறைகளின் பெயர்கள்.

மூத்தது டபிள்யூஇபி. 1997இல் வெளியான 802.11 தரநிலையிலேயே அது இருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 24 பிட் நீளமுள்ள தொடக்க எண் ஒன்றை ரகசியச் சாவியோடு சேர்த்து, ஆர்சி4 என்ற முறையில் குறியாக்கம் செய்யும். 24 பிட்டில் அடங்குவது சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான். நெரிசலான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் அவை தீர்ந்து, பழைய எண்ணே மறுபடி வரும். போதாக்குறைக்கு, அந்த எண் குறியாக்கம் இல்லாமலே காற்றில் போனது. சில தொடக்க எண்கள் சாவியின் பகுதிகளையே கசியவிடுகின்றன என்று 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் மூவரும் நிறுவினர். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக்காட்டினர்.

2003இல் வந்த டபிள்யூபிஏ ஒரு தற்காலிக ஏற்பாடு. பழைய கருவிகளைத் தூக்கி எறியாமல் மென்பொருளை மட்டும் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், ஆர்சி4ஐயே வைத்துக்கொண்டு பாக்கெட்டுக்குப் பாக்கெட் சாவியை மாற்றியது. 2004இல் டபிள்யூபிஏ2 வந்த பிறகே ஏஇஎஸ் என்ற வலுவான முறை வைஃபைக்குக் கிடைத்தது.

டபிள்யூபிஏ2இல் பயனர் இடும் கடவுச்சொல் நேரடியாகச் சாவி ஆவதில்லை. நெட்வொர்க்கின் பெயரோடு கலந்து, 4,096 முறை கணக்கிட்டு மூலச்சாவியை உண்டாக்குகிறார்கள். பிறகு கருவியும் ரவுட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறி, அதிலிருந்து அந்த இணைப்புக்குரிய சாவியைப் பெறுகின்றன. பலவீனம் இருப்பதும் இந்தப் பரிமாற்றத்தில்தான். அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டவர், ரவுட்டருக்குத் தெரியாமல், தன் கணினியில் கோடிக்கணக்கான சொற்களைச் சோதித்துப் பார்க்கலாம். எட்டெழுத்துக் கடவுச்சொல் விதிப்படி செல்லும், ஆனால் இந்தச் சோதனையைத் தாங்காது.

கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் சிரமத்தைக் குறைக்க வந்த டபிள்யூபிஎஸ், பூட்டிய வீட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக அது கேட்கும் எட்டு இலக்க ‘பின்’ (PIN) எண்ணில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்பதை ரவுட்டர் தனியாகவே சொல்லிவிடும். இதனால் அதிகபட்சம் 11,000 முயற்சிகள் போதும் என்பது 2011இல் அம்பலமானது.

2017இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப், ‘கிராக்’ தாக்குதலை வெளியிட்டார். டபிள்யூபிஏ2இன் நான்கு செய்திப் பரிமாற்றத்தில் மூன்றாவது செய்தியைத் திரும்ப அனுப்பினால், கருவி அதே சாவியை மீண்டும் நிறுவி, பாக்கெட் எண்ணிக்கையைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். கடவுச்சொல் இதில் கசிவதில்லை. ஆகவே அதை மாற்றியும் பயனில்லை, மென்பொருள் திருத்தம்தான் வழி.

2018இல் வெளியான டபிள்யூபிஏ3இல் ஒவ்வொரு ஊகத்தையும் நெட்வொர்க்கோடு நேரடியாகத் தொடர்புகொண்டுதான் சோதிக்க முடியும். பின்னாளில் கடவுச்சொல் தெரியவந்தாலும் முன்பு பதிவு செய்த தரவைப் படிக்க இயலாது. ஆனால் மறு ஆண்டே வான்ஹூஃபும் ஏயல் ரோனெனும், சில கருவிகள் கணக்கிட எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே கடவுச்சொல்லைப் பற்றித் துப்புப் பெறலாம் என்று காட்டினர். அதற்கும் திருத்தங்கள் வெளியாயின.